தலைமை மரபணுவைத் தேடி: குளிர், பாக்டீரியா, மக்காச்சோளம்

2010 பிப்ரவரியில் பி.டி. கத்தரிக்காயை மத்திய அரசு நிறுத்திவைத்த சில வாரங்களுக்குள் பெரம்பலூரில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிப் பேசினோம். அங்கே மக்காச்சோளம் போடுகிற பெரியவர் ஒருவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கூட்டத்தில் நுண்ணுயிரியல் படித்தவன் நான் ஒருவனே என்பதால் எல்லாக் கேள்வியும் என் பக்கமே வந்துகொண்டிருந்தது. "தம்பி, மழ இல்லாட்டியும் தாங்குற மக்காச்சோளம் வருதுங்கறாங்க. அதுக்கான ஜீனக் குளுருல கெடந்த ஒரு கிருமிகிட்டேருந்து எடுத்தாங்களாமே, நெசமா? குளுருக்கும் வறட்சிக்கும் என்னா சம்பந்தம்?" நான் எனக்குச் சொல்லித்தரப்பட்டதைச் சொன்னேன். "குளிர்ல பாக்டீரியா தூங்கிரும்யா. ஃபிரிட்ஜ்ல வச்ச மாவு சீக்கிரம் புளிக்காது பாருங்க, அந்த மாதிரி." அவர் விடவில்லை. "தூங்குறவன்கிட்டேருந்து எதத் தம்பி எடுத்தானுவ?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். ஆனால் கேள்வி அங்கேயே நின்றது.

நான் படித்த ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவைக் குளிரில் வைப்பது அன்றாட வேலை. ஈ.கோலிக்குள் வெளியிலிருந்து ஒரு டி.என்.ஏ. துண்டைப் புகுத்த வேண்டுமானால் கால்சியம் குளோரைடு கரைசலில் ஐஸ் மேல் வைத்திருப்போம். பிறகு சட்டென்று 42 டிகிரித் தண்ணீரில் ஒன்றரை நிமிடம் முக்கி, மறுபடியும் ஐஸுக்குக் கொண்டுபோவோம். 42 டிகிரியில் நடப்பதற்கு 'வெப்ப அதிர்ச்சி' என்று பெயர் இருந்தது, தேர்வில் கேள்வியும் வரும். ஐஸில் கிடந்த நேரத்துக்குப் பெயரே கிடையாது. அது நாங்கள் டீ குடிக்கப் போகிற நேரம்.

இந்தப் பாரபட்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இத்தாலியில் பழ ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஃபெருச்சியோ ரிட்டோசா, யாரோ இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டிவிட்டுப் போனதால், வழக்கமில்லாத இடங்களில் குரோமோசோம் உப்பியிருப்பதைக் கண்டார். 1962-ல் அது அச்சானது. சூடுபட்ட உயிரணு சில மரபணுக்களை உடனே திறக்கிறது என்ற செய்தி அதில் இருந்தும், பல ஆண்டுகள் அது ஈ ஆராய்ச்சிக்காரர்களின் சொந்த விவகாரமாகவே கிடந்தது. 1970களின் பிற்பகுதியில் ஈ.கோலியிலும் அதே விஷயம் தெரியவந்தபோதுதான் ஆராய்ச்சி சூடுபிடித்தது. 1981-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபிரடெரிக் நெய்டார்ட்டும் ரூத் வான்போகெலனும், வெப்பத்துக்கான புரதங்கள் எல்லாவற்றையும் கிளப்பிவிடும் ஒற்றை மரபணு ஒன்று உண்டு என்று காட்டினார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதை 1984-ல் ஆலன் கிராஸ்மன், ஜேம்ஸ் எரிக்சன், கரோல் கிராஸ் மூவரும் கண்டறிந்தனர். ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி டி.என்.ஏ.வைப் படித்துப் பிரதியெடுக்கிறது. எங்கிருந்து படிக்க வேண்டும் என்று அதற்குக் காட்டிக்கொடுப்பது சிக்மா என்ற புரதம். சூடு ஏறினால் சிக்மா-32 என்ற வேறொரு சிக்மா பெருகி, நொதியை வெப்ப மரபணுக்களின் பக்கம் திருப்பிவிடுகிறது. அதாவது, ஒரு தலைவன் வருகிறான், ஆணை பிறக்கிறது, படை கிளம்புகிறது.

இந்தத் தலைவனைக் கண்டதும் எல்லோருக்கும் திருப்தியாக இருந்ததில் வியப்பில்லை. 1961-ல் பாரிஸில் ஜாக்கோப்பும் மோனோவும் மரபணுக் கட்டுப்பாட்டின் மாதிரியை வகுத்தபோதே அதன் சொற்கள் நிர்வாகத்தின் சொற்களாக இருந்தன: ஒழுங்குபடுத்தும் மரபணு, இயக்கும் பகுதி, ஒடுக்கும் புரதம். இருவருமே நாஜிகளுக்கு எதிராக நின்றவர்கள். ஜாக்கோப் போரில் படுகாயப்பட்டவர், மோனோ தலைமறைவு எதிர்ப்பியக்கத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்கள் உயிரணுவுக்குள் 'ஒடுக்கி'யைக் குடியேற்றினார்கள் என்பதை வைத்து ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். நான் எழுதப்போவதில்லை. அவர்கள் கண்டது உண்மை, அந்த ஒடுக்கி நிஜமாகவே அங்கே இருக்கிறது. என் கவலை, அதற்குப் பிறகு போகுமிடமெல்லாம் அதே உருவத்தைத் தேடும் பழக்கத்தைப் பற்றியது.

குளிர் விவகாரம் தாமதமாகவே வந்தது. 1987-ல் அதே மிச்சிகன் கூடத்தில் பமீலா ஜோன்ஸ், வான்போகெலன், நெய்டார்ட் மூவரும் 37 டிகிரியில் செழிப்பாக வளர்ந்துகொண்டிருந்த ஈ.கோலியைத் திடீரென்று 10 டிகிரிக்கு மாற்றினார்கள். வளர்ச்சி நின்றது. ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஒன்றுமில்லை, பிறகு மெல்ல மறுபடி வளரத் தொடங்கியது. 37 டிகிரியில் நல்ல தீனி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும் உயிருக்கு நான்கு மணி நேரம் என்பது பல தலைமுறைக் காலம். எங்கள் வாத்தியார் 'தூக்கம்' என்று சொன்னது இதைத்தான். ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில் என்னென்ன புரதம் உண்டாகிறது என்று பிரித்துப் பார்த்தபோது, மற்றவற்றின் உற்பத்தி படுத்துக்கிடக்க, 13 புரதங்கள் மட்டும் 37 டிகிரியில் இருந்ததைவிட 3 முதல் 300 மடங்குவரை கூடுதல் வேகத்தில் உண்டாகிக்கொண்டிருந்தன. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே யாரோ மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். கட்டுரையின் தலைப்பில் 'அதிர்ச்சி' என்ற சொல் இல்லை, 'தாழ்ந்த வெப்பநிலை' என்றே இருந்தது. அந்தச் சொல் தலைப்புகளில் ஏறி நிலைத்தது பின்னால்தான்.

உள்ளே என்ன வேலை? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், மக்காச்சோளக் கதைக்கும் சாவி இங்கேதான் இருக்கிறது. குளிர் பட்டதும் உயிரணுவில் இரண்டு காரியம் கெட்டுப்போகிறது. ஒன்று, அதைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வு, மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைவது மாதிரி இறுகுகிறது. இரண்டாவது, ஆர்.என்.ஏ. சிக்கலாகிறது. மரபணுவின் செய்தியைச் சுமந்துபோகும் தூது ஆர்.என்.ஏ. ஒற்றை இழை. அதன் எழுத்துகள் அதே இழையிலுள்ள வேறு எழுத்துகளோடு ஜோடி சேரக்கூடியவை. சூட்டில் இந்த ஜோடிகள் லேசாக அவிழும், குளிரில் அவிழாது. இழை தன் மேலேயே மடிந்து ஒட்டிக்கொள்கிறது. செய்தியைப் படித்துப் புரதம் கட்டும் ரைபோசோம் வந்து பார்த்தால் தொடக்கமே தெரிவதில்லை. தந்தி வந்திருக்கிறது, பிரிக்க முடியவில்லை. உற்பத்தி நின்றதற்கு உறக்கம் காரணமில்லை. படிக்க முடியாமல் போனதுதான் காரணம்.

ரைபோசோம் இதில் எவ்வளவு முக்கியம் என்பதை 1990-ல் வான்போகெலனும் நெய்டார்ட்டும் வேறு வழியாகக் காட்டினார்கள். குளிரே இல்லாமல், ரைபோசோமைத் தடுக்கும் குளோராம்ஃபெனிகால், டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளைக் கொடுத்தாலும் பாக்டீரியா குளிருக்குச் செய்வதைச் செய்தது. ரைபோசோமை வேறுவிதமாகக் கெடுக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் போன்றவற்றுக்கோ வெப்பத்துக்குச் செய்வதைச் செய்தது. பட்டறையின் வேலை எப்படித் தடைப்படுகிறது என்பதிலிருந்தே உயிரணு வெளியில் குளிரா வெயிலா என்று தெரிந்துகொள்கிறதாம். அவர்கள் சொன்னது அவ்வளவே. ஆனால் இந்தக் கட்டுரையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே 1990-ல், நியூஜெர்சியில் மசயோரி இனோயேயின் குழு அந்தப் புரதங்களில் மிகப் பெரிய பங்கு வகிப்பதைப் பிரித்தெடுத்தது. 70 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னஞ்சிறு புரதம். குளிர்பட்ட உயிரணு கட்டும் மொத்தப் புரதத்தில் 13 சதவீதம் வரை இது ஒன்றே. இதற்கு 'முதன்மைக் குளிர் அதிர்ச்சிப் புரதம்' என்று பெயரிட்டார்கள், பிறகு சி.எஸ்.பி.-ஏ ஆயிற்று. மனித உயிரணுவில் டி.என்.ஏ.வோடு ஒட்டும் ஒரு புரதத்தின் பகுதியோடு இது ஒத்துப்போவதும் உடனே தெரிந்தது. ஆக, இதுதான் குளிரின் சிக்மா-32, குளிரின் தலைவன் என்று நம்ப எல்லாக் காரணமும் இருந்தது.

அடுத்த பத்தாண்டு அந்த நம்பிக்கை துண்டு துண்டாகக் கழன்ற காலம். 1997-ல் இனோயேயின் குழுவே இந்தப் புரதத்தின் வேலை ஆர்.என்.ஏ.வின் சிக்கலை அவிழ்த்துவைப்பது என்று காட்டியது. ஆர்.என்.ஏ. துணைப்புரதம் என்கிறார்கள்; கூடவே நின்று முடிச்சு விழாமல் பார்த்துக்கொள்கிற கூலியாள் என்று நான் சொல்வேன். அந்த மரபணுவையே வெட்டி எறிந்தும் பார்த்தார்கள், பாக்டீரியா குளிரில் பிழைத்தது! அதன் உறவுக்காரப் புரதங்கள் கூடுதலாக உண்டாகி இடத்தை நிரப்பின. ஈ.கோலியில் இந்தக் குடும்பத்தில் ஒன்பது பேர். 2001-ல் நான்கு மரபணுக்களைச் சேர்த்து நீக்கிய பிறகே பாக்டீரியாவால் குளிரைத் தாங்க முடியாமல் போயிற்று. இத்தாலியில் காமெரினோ நகரின் ஆய்வாளர்களோ 1999-ல், குளிரே இல்லாத 37 டிகிரியில், புதுத் தீனி கிடைத்து வளரத் தொடங்கும் வேளையில் சி.எஸ்.பி.-ஏ ஏராளமாக இருப்பதைக் காட்டிவிட்டார்கள். அதன் பெயரிலுள்ள மூன்று சொற்களில் 'புரதம்' ஒன்றுதான் கேள்விக்குள்ளாகாமல் மிஞ்சியது.

அப்படியானால் குளிர் வந்ததை அறிந்து ஆணையிடுவது யார்? தேடிக்கொண்டே போனவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம் சி.எஸ்.பி.-ஏயின் தூது ஆர்.என்.ஏ. 37 டிகிரியில் அதன் பாதி ஆயுள் ஏறத்தாழ 12 விநாடி, பிறந்ததும் சிதைந்துபோகும். 15 டிகிரியில் 20 நிமிடத்துக்கும் மேல் நிற்கிறது. அதன் முன்பகுதியில் புரதமாக மாறாத, 159 எழுத்து நீளமுள்ள ஒரு வால் இருக்கிறது. வெறும் வெள்ளைத்தாள் என்று நினைக்கத்தக்க அந்தப் பகுதிதான் விஷயமே. காமெரினோவின் அன்னா மரியா ஜூலியோதோரி, கிளாவுதியோ குவலெர்சி ஆகியோரும் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் ஆய்வாளர்களும் சேர்ந்து 2010-ல் இதை விளக்கினார்கள். சூட்டில் அந்த இழை ஒருவிதமாக மடிந்து ரைபோசோம் உட்காரும் இடத்தை மறைக்கிறது. குளிரில் வேறுவிதமாக மடிந்து அந்த இடத்தைத் திறந்துகொடுக்கிறது. மற்ற எல்லாச் செய்திகளையும் படிக்கவிடாமல் செய்யும் அதே குளிர் இந்தச் செய்தியை மட்டும் படிக்கத்தக்கதாக்குகிறது. குளிரை உணர்வதும் அதற்குப் பதில் சொல்வதும் ஒரே இழை. கொண்டுபோகிறவனே கடிதம், கடிதமே வெப்பமானி.

2018-ல் சான் பிரான்சிஸ்கோவில், உயிரணுவின் ஆர்.என்.ஏ. முழுவதும் எங்கெங்கே மடிந்திருக்கிறது என்று ஒருசேரப் பார்க்கும் முறையைப் பயன்படுத்திச் செய்த ஆய்வு படத்தை ஏறக்குறைய முழுமையாக்கியது. குளிரில் இழைகள் எல்லாமே இறுகுகின்றன, சி.எஸ்.பி. குடும்பத்தார் அவிழ்க்கிறார்கள், அவிழாததை ஆர்.என்.ஏ.ஸ்-ஆர் என்ற நொதி அரைத்துப் போடுகிறது. அவிழ்ப்பதற்குப் போதுமான ஆட்கள் சேர்ந்ததும் சி.எஸ்.பி.-ஏ தன் செய்தியையே நிறுத்திவிடுகிறது. இந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர் கரோல் கிராஸ். 1984-ல் வெப்பத்தின் தலைவனைக் கண்டறிந்த மூவரில் ஒருவரான அதே கிராஸ்தான். தலைவனைக் கண்டவரே 34 ஆண்டு கழித்துத் தலைவன் தேவைப்படாத ஏற்பாட்டையும் கண்டார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. முன்னதைப் பாடநூலில் படித்தோம், பின்னதை இன்னும் எத்தனை பேர் படிக்கிறார்களோ.

என் வாதத்துக்கு வசதியில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவில், சவ்வு இறுகுவதைக் கண்டுகொள்ளும் காவலாளி ஒருவர் இருக்கிறார். அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் தியேகோ தெ மெந்தோசாவின் குழு, அந்நாட்டுப் பொருளாதாரம் நொறுங்கிய 2001-ஆம் ஆண்டில், இதை வெளியிட்டது. சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம் உணர்ந்து இன்னொரு புரதத்துக்குச் சொல்ல, அது ஒரு மரபணுவைத் திறக்க, சவ்வின் கொழுப்பு இளகுகிறது. இதில் மேலிருந்து கீழ்வரும் ஆணை தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும் அது ஆள்வது ஒரே ஒரு மரபணுவை, சவ்வு இளகியதும் அதிகாரமும் முடிகிறது.

நம் பத்திரிகைகளைப் படிக்கிற நண்பர்களுக்கு இந்த இடத்தில் கை துறுதுறுக்கும். 'மையமற்ற அதிகாரம்', 'பிரதியே வாசகன்' என்று பாக்டீரியாவிலிருந்து நேரே தத்துவத்துக்குத் தாவிவிடலாம். 1996-ல் ஆலன் சோக்கல் ஒரு போலிக் கட்டுரையை 'சோஷியல் டெக்ஸ்ட்' இதழில் அச்சேற்றி நம்மைப் போன்றவர்களைத் தலைகுனியவைத்தது ஞாபகம் இருக்கட்டும். பாக்டீரியா யாருக்கும் ஜனநாயகம் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் அக்கறைகொள்வது மனிதர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்பதில். இவ்லின் ஃபாக்ஸ் கெல்லர் தம் சொந்த அனுபவமாகவே இதை எழுதியிருக்கிறார். 1970-ல் அவரும் லீ சீகலும், தனித்தனியாகத் திரியும் செல்பூஞ்சை உயிரணுக்கள் பட்டினியில் ஒன்றுகூடுவதற்குத் தலைமை உயிரணு எதுவும் வேண்டியதில்லை என்று கணிதத்தால் காட்டினார்கள். உயிரியலாளர்களோ, தலைமை உயிரணு கண்ணில் படாதபோதும், அது இருந்தே தீரவேண்டும் என்ற விளக்கத்தையே நீண்ட காலம் விரும்பினார்கள். ஏன் விரும்பினார்கள் என்று 1983-ல் கெல்லர் கேட்டார். குளிர் ஆராய்ச்சியில் அந்த விருப்பம் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே திருத்தப்பட்டது. ஆய்வாளர்கள் தங்கள் தலைவனைத் தாங்களே கீழிறக்கினார்கள். வெளியே அது திருத்தப்படவில்லை. பெரியவரின் மக்காச்சோளம் வருவது இங்கேதான்.

2008-ல் மான்சாண்டோ நிறுவன ஆய்வாளர்கள், ஈ.கோலியின் சி.எஸ்.பி.-ஏயையும் பாசில்லஸின் சி.எஸ்.பி.-பியையும் செடிகளுக்குள் வைத்தால் குளிர், வறட்சி போன்றவற்றை அவை சற்றுக் கூடுதலாகத் தாங்குகின்றன என்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தண்ணீர் இல்லாத செடியின் உயிரணுவிலும் ஆர்.என்.ஏ. தடுமாறுகிறது, அவிழ்ப்பவர் இருந்தால் உதவும் என்பது யோசனை. முட்டாள்தனமான யோசனை இல்லை. கட்டுரையின் தலைப்பே பாக்டீரிய ஆர்.என்.ஏ. துணைப்புரதங்கள் என்றுதான் பேசுகிறது. பெரியவர் கேட்ட சம்பந்தம் இவ்வளவுதான். ஆனால் பாசில்லஸில் இந்தக் குடும்பத்தில் மூன்று பேர். மூன்றில் ஒன்றாவது இல்லாவிட்டால் குளிரில் மட்டுமில்லை, இதமான சூட்டிலும் அது பிழைக்காது என்று ஜெர்மனியின் மார்பர்க் ஆய்வாளர்கள் 1997-லேயே காட்டியிருந்தார்கள். அந்த மூவரில் ஒருவரை மட்டும் கூட்டத்திலிருந்து பிரித்து, மக்காச்சோளத்துக்குள் வைத்து, 'வறட்சி தாங்கும் பண்பு' என்று பெயர் மாற்றி, எம்.ஓ.என். 87460 என்று எண் கொடுத்தார்கள். உயிரணுவுக்குள் தலைமையை இழந்த புரதம் சந்தையில் தலைவனாயிற்று.

2011 டிசம்பரில் அமெரிக்க வேளாண் துறை அதை அனுமதித்தது. 2013-ல் 'டிராட்கார்டு' என்று விற்பனைக்கு வந்தது. அனுமதித்த அதே துறையின் மதிப்பீடு, இதன் வறட்சி தாங்கும் திறன் சாதாரண மக்காச்சோள ரகங்களிடையே ஏற்கெனவே காணப்படும் வேறுபாட்டின் எல்லையைத் தாண்டவில்லை என்கிறது. இதற்கிடையில், 2008-லேயே, ஆப்பிரிக்காவுக்கான 'நீர்ச் சிக்கன மக்காச்சோளம்' என்ற திட்டம் தொடங்கியிருந்தது. கேட்ஸ் அறக்கட்டளையின் பணம். மான்சாண்டோவின் மரபணு, 'ராயல்டி இல்லாமல்'. கென்யா, உகாண்டா, தான்சானியா, மொசாம்பிக், தென்னாப்பிரிக்கா என்று ஐந்து நாடுகள். தானம் என்ற சொல்லைக் கவனியுங்கள். தானம் கொடுக்க வேண்டுமானால் முதலில் அது தன்னுடையதாக இருக்க வேண்டுமே. மண்ணில் கிடந்த பாக்டீரியாவின் ஒரு புரதமும், பல்கலைக்கழகக் கூடங்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த அறிவும் எந்தத் தேதியில் ஒரு கம்பெனியின் தானப்பொருளாயின?

தென்னாப்பிரிக்கா 2015-ல் எம்.ஓ.என். 87460-க்கு அனுமதி தந்தது. ஆப்பிரிக்கப் பல்லுயிர் மையம் என்ற அமைப்பு எதிர்த்தது. இதோடு பூச்சி எதிர்ப்பும் களைக்கொல்லி தாங்கும் பண்பும் சேர்த்த மும்மடங்கு ரகத்துக்கு நிறுவனம் விண்ணப்பித்தபோது, அந்நாட்டு ஒழுங்குமுறைக் குழு 2018-ல் மறுத்தது. வறட்சியில் விளைச்சல் காப்பாற்றப்படுகிறது என்பதற்குத் தரவு போதவில்லை என்பது அது சொன்ன காரணம். 2019-ல் அமைச்சரும் அந்த மறுப்பை உறுதிசெய்தார். இதற்குள் மான்சாண்டோ பேயரின் கைக்கு மாறிவிட்டிருந்தது. 2015-ன் அனுமதி மீதான வழக்கு மட்டும் நீதிமன்றங்களில் நடந்துகொண்டே இருந்தது. 2024 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டின்படி அதிகாரிகள் செய்திருக்க வேண்டிய பரிசீலனையைச் செய்யவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு வந்த பிறகு பெரியவருக்குப் போன் போட்டேன். 14 வருஷத்துக்கு முன்னால் கேட்ட கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறேன் என்றதும் சிரித்தார். தூங்கவில்லை அய்யா, உள்ளே முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருந்தது, அதில் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு வந்து வறட்சிக்கு நிறுத்தினார்கள் என்று முடிந்தவரை சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ஒத்த ஆளா என்னா பண்ணுவான்" என்றார். பிறகு, 2018-லிருந்து அவர் கொல்லையில் மக்காச்சோளக் குருத்தைத் தின்றுகொண்டிருக்கும் படைப்புழுவுக்கு நான் படித்த படிப்பில் ஏதாவது வழி உண்டா என்று கேட்டார்.